என் படத்துக்கு நான் கொளுத்திய மெழுகுதிரி

எத்தாளை,
29 மே 2017

கில்பட்,

செத்துப்போன உன் அக்கா அல்பொன்சா எழுதுவது. நான் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் உன் அத்தான் மனுவேல் வான் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்ததுமே தம்பியோடு சண்டையா என்று கேட்டார். பயணக் களைப்பு என்றேன். மூன்று மாத விசாவோடு போனவள் மூன்றாம் கிழமையே திரும்பி வந்துவிட்டுக் களைப்பு என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவரும் நம்பவில்லை, ஆனால் மேற்கொண்டு கேட்கவில்லை.

நீயும் உன் பெண்சாதி டயனாவும் மாறி மாறிப் போன் எடுக்கிறீர்கள். நான் பதில் சொல்ல மாட்டேன். போனில் நீ அழுவாய். சின்ன வயதிலிருந்தே உனக்கு அழுகை கைவந்தது. நீ அழுதால் நான் இளகிப்போய், சரி தம்பி விடு என்று சொல்லிவிடுவேன். அதனால்தான் கடதாசி எடுத்தேன். இதில் நான் சொல்ல வந்ததை முழுக்கச் சொல்லலாம், நீ குறுக்கே மூக்கை உறிஞ்ச முடியாது.

விசாவுக்குக் கொடுக்கும்போதே நான் கேட்டேன். உன் கூடப்பிறந்தவளான நான் எதற்கு டயனாவின் பெரியம்மா என்று எழுத வேண்டும் என்று. அப்படி எழுதினால்தான் கெதியாகக் கிடைக்கும் என்றாய். வந்த பிறகும், கோயில் ஆட்களுக்கு முன்னால் பெரியம்மா என்றே சொல்லுங்கள் என்று டயனா சொன்னாள். உன் மகள் ஷானிகா வாய் தவறி என்னை 'மாமி' என்று கூப்பிட்டபோது பிள்ளையின் கையில் நுள்ளினாள். 'அம்மம்மா' என்று கூப்பிடப் பழக்கியிருந்தீர்கள். முதல் தரம் நன்மை அப்பம் வாங்கப் போகிற காலையிலே பிள்ளைக்குப் பொய் பழக்கினீர்கள். அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

உங்கள் பேராலயத்தைப் பற்றி நீ எத்தனை தடவை பெருமையாகச் சொல்லியிருப்பாய். எங்கெங்கோ இருந்தெல்லாம் வந்து பார்க்கிறார்கள், கட்டிடம் படிக்கிற பிள்ளைகள் வந்து படம் கீறிக்கொண்டு போகிறார்கள் என்று. வெளியே நின்று பார்க்க எனக்கு அது கந்தூரிச் சோறு ஆக்குகிற கிடாரத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் இருந்தது. கோபுரம் இல்லை, மணி இல்லை. வாசல் எது என்று தெரியாமல் சுற்றி வந்தேன். உள்ளே பூச்சுப் பூசாத சீமெந்துச் சுவர் வட்டமாக ஓடுகிறது. பீடம் நடுவில், பள்ளத்தில். அதைச் சுற்றிப் படி படியாக ஆட்கள். கூரையிலிருந்து கம்பியில் ஒரு சிலுவை தொங்குகிறது, அதில் ஆண்டவர் இல்லை. அன்னம்மாளும் இல்லை, அந்தோனியாரும் இல்லை. ஆனாலும் உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்துப்போனது. சுவர் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டைகளில் நிறக் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதற்குள்ளால் வெளிச்சம் விழுந்தபோது ஷானிகாவின் வெள்ளை உடுப்பு ஒருக்கால் நீலமாகவும் ஒருக்கால் சிவப்பாகவும் மாறியது. இப்படியும் ஒரு கோயில் கட்டலாமா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன்.

பூசை முடிந்து நீங்கள் படம் எடுத்துக்கொண்டு நின்ற நேரம் நான் அந்தச் சுவரோரம் நடந்தேன். ஒவ்வொரு கண்ணாடிக்கும் கீழே ஒரு பேக்கரிப் பாண் வைக்கக்கூடிய அளவு பொந்து இருந்தது. பொந்துகளுக்குள் ஆட்களின் படங்கள், முன்னால் மெழுகுதிரி. பார்த்துக்கொண்டே போனால் ஒரு பொந்தில் நான் இருக்கிறேன். உன் கலியாணத்தில் எடுத்தது, மாம்பழ நிறச் சாரியோடு. பக்கத்தில் நின்ற உன் அத்தானை வெட்டிவிட்டிருந்தாய்.

நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளைகள் வெளிநாடு போனால் அவர்களின் படத்தை அன்னம்மாளின் காலடியில் வைத்துவிட்டு வருவோமே, அந்த மாதிரி என்று நினைத்தேன். தம்பி என்னை மறக்காமல் ஆண்டவர் முன்னால் வைத்திருக்கிறான் என்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அங்கே இருந்த பெட்டியிலிருந்து ஒரு மெழுகுதிரி எடுத்து என் படத்துக்கு நானே கொளுத்தி வைத்தேன். அப்போதுதான் கத்தரினா வந்தாள், உங்கள் கோயிலில் பாட்டுப் பாடுகிற அந்த முல்லைத்தீவுப் பெண். பக்கத்துப் பொந்தில் படம் இல்லாமல் பெயர் மட்டும் எழுதிய இரண்டு மட்டைகள் இருந்தன. அவை அவளுடைய பிள்ளைகளின் பெயர்கள். என் படத்தைக் காட்டி எனக்கு விளங்கப்படுத்தினாள்.

"இது கில்பட் அண்ணையின்ர அக்கா. என்ர பிள்ளையளைப் போல முள்ளிவாய்க்காலில செத்தவ. செத்த ஆக்களுக்குத்தான் இந்தப் பொந்துகள். வருசா வருசம் பூசையும் வைக்கிறனாங்கள்."

சீனி வருத்தம் வந்து உடம்பு வற்றி, கண்ணாடியும் போட்ட பிறகு என்னை அந்தப் படத்தோடு ஒப்பிட அவளால் முடியவில்லை. ஆனால் சாடை இருக்கிறதே, சொந்தமா, அவவைத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றேன். நல்ல மனுசி என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். என் சாவுக்கு என்னிடமே அழுதாள், கில்பட்.

அப்பா கடலில் கச்சான் காற்றில் அகப்பட்டுக் காணாமல் போன கதை உனக்குத் தெரியும். இறந்தோர் பூசை வைப்போமா என்று பங்குச் சுவாமி கேட்டு வந்தபோது, அம்மா அவரை வாசலிலேயே வைத்துத் திருப்பி அனுப்பினா. உடம்பு கரைக்கு வராமல் என் புருஷனுக்கு அந்தச் செபம் சொல்லக்கூடாது என்றா. அப்பா மன்னார்ப் பக்கம் ஒதுங்கி உயிரோடு வந்தார். அந்தத் தாயின் வயிற்றில் பிறந்த நீ, இங்கே கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கிற எனக்கு வருடா வருடம் இறந்தோர் பூசை வைத்திருக்கிறாய். அந்தப் படத்தை எடு. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

அல்பொன்சா


பிரான்ஸ்,
14 ஜூன் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைத்தலத்துக்கு வெளியே காருக்குள் இருந்து வாசித்தேன். டயனாவுக்குக் காட்டவில்லை. அவள் ஏற்கெனவே சரியாகச் சாப்பிடுவதில்லை.

நீங்கள் அந்த இடத்திலேயே என் கன்னத்தில் ஒன்று போட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. பேசாமல் வீட்டுக்கு வந்து சூட்கேசை அடுக்கினீர்கள். மூன்று நாள் நான் கேட்ட எதற்கும் ஓம், இல்லை என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. ஷானிகா இன்னும் மாமி ஏன் போனா என்று கேட்கிறாள்.

நான் வந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். யுத்தம் முடிந்து அடுத்த வருடம். ஏஜென்சிக்காரன் முதல் நாளே சொன்னான், சண்டை நடக்காத நம் புத்தளம் ஆள் என்று சொன்னால் அடுத்த பிளேனில் ஏற்றிவிடுவார்கள் என்று. சமாதான காலத்தில் நான் இரண்டு பருவம் முல்லைத்தீவுக் கரையில் வாடிக் குடில் போட்டு மீன்தொழில் செய்தவன்தானே. கரை தெரியும், சந்தி தெரியும், கோயில் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியும். முல்லைத்தீவு ஆள் என்று எழுதிக் கொடுத்தேன், என்ன கேட்டாலும் சொல்லலாம். ஆனால் விசாரணை அறையில் உட்கார்ந்தபோது, வீட்டில் யார் செத்தார்கள் என்று ஒபிசர் மனுசி கேட்டா. செத்தவர்கள் என்று ஏஜென்சிக்காரன் சொல்லித் தந்த கதையெல்லாம் சொன்னேன். முகத்தில் ஒன்றும் வரவில்லை. பேப்பர் வாசிக்கிறவன் மாதிரி இருந்தேன். அவ பேனையை வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தா.

அப்போது உங்களை நினைத்தேன். உங்களை ஒரு தறப்பாள் சீலையால் மூடிக் கிடத்தியிருப்பதாக நினைத்தேன். அக்காவும் செத்துவிட்டா என்றேன், அதற்குப் பிறகு என்னால் அழுகையை நிறுத்த முடியவில்லை. மொழிபெயர்க்க வந்த பெண்ணும் அழுதாள். வேறு யாரை நினைத்தும் எனக்கு அழுகை வரவில்லை, அக்கா. அதை நீங்கள் குற்றமாகப் பார்க்கிறீர்கள். எனக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

அதோடு முடிந்திருக்கும். அகதி விடுதியில் என் கதை கத்தரினாவின் காதுக்குப் போனது. அவள் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நவம்பரில் எல்லோரும் தங்கள் ஆட்களின் படத்தை வைக்கும்போது, உங்கள் அக்காவின் படம் இல்லையா என்று பாதர் கேட்டார். என் பர்சில் இருந்தது அது ஒன்றுதான். எடுத்துக் கொடுத்துவிட்டேன். இப்போது அதை எடுத்தால் ஏன் என்று முதலில் கேட்பவளும் அவள்தான். பாதர் கேட்பார். கேள்வி ஒன்று புறப்பட்டால் அது எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது.

கட்டுநாயக்காவில் வைத்து நீங்கள்தான் சொன்னீர்கள், எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடு தம்பி என்று. நான் எப்படியாவது போய்ச் சேர்ந்தேன்.

கில்பட்


எத்தாளை,
30 ஜூன் 2017

கில்பட்,

போய்ச் சேர் என்றுதான் சொன்னேன். என்னைக் கொன்றுவிட்டுப் போ என்று சொல்லவில்லை. நான் சொன்ன சொல்லை எடுத்து என் தலையிலேயே போடுகிறாய். நல்ல சாமர்த்தியம்.

உன் அழுகை உண்மை என்று எழுதியிருக்கிறாய். நான் இல்லை என்று எங்கே சொன்னேன்? அதுதானே எனக்குப் பொறுக்கவில்லை. என் மேல் உனக்கு இருந்த பாசத்தை எடுத்துக்கொண்டுபோய் ஒரு ஒபிசரின் மேசையில் வைத்துப் பாஸ்போட் வாங்கிவிட்டாய். பொய்யாக அழுதிருந்தால் கள்ளன் என்று ஏசிவிட்டு மறந்திருப்பேன்.

உன் அத்தானுக்குச் சொல்லிவிட்டேன். எவ்வளவு நாள்தான் களைப்பு என்று சொல்வது? கேட்டுக்கொண்டிருந்தவர் தேத்தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, "என்னை ஏன் வெட்டினவன்? ரெண்டு பேரையும் சேத்துச் சாகடிச்சிருந்தா நான் உனக்குத் துணைக்கு வந்திருப்பேனே" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அறைக்குள் போய் அழுதேன்.

பக்கத்து வளவு ஸுலைஹாவை உனக்குத் தெரியும். தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு துரத்தப்பட்டு வந்தவ. தன் வீடு எது, கிணறு எது என்று ஒபிசர்மாருக்குச் சொல்லிச் சொல்லியே அவவுக்கு வயது போய்விட்டது. இன்னும் ஒருவரும் எழுதி எடுத்த பாடில்லை. பிரான்ஸ் எப்படி, தம்பி சுகமாக இருக்கிறாரா என்று கேட்டுக்கொண்டு வந்தா. அவவின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்கு வெட்கமாக இருந்தது. சுகமாக இருக்கிறான் என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கத் தொடங்கிவிட்டேன்.

என்னை விடு. அந்தப் பெண்ணை நினைத்தாயா? அவளிடம் பிள்ளைகளின் ஒரு படம்கூட இல்லை. மட்டையில் பெயர் எழுதி வைத்துவிட்டு, பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கிற என் படத்தைப் பார்த்துக்கொண்டு இவ்வளவு காலம் இருந்திருக்கிறாள். உன் குடியுரிமை போக வேண்டும் என்று எனக்கு ஆசை இல்லை. யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டாம். கண்ணாடி வெடித்தது, படம் பழுதாகிவிட்டது என்று ஏதாவது சொல்லிவிட்டு எடு. பொய் சொல்ல உனக்கு நான் பழக்கத் தேவையில்லை.

அக்கா


பிரான்ஸ்,
11 ஜூலை 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் என்னை எவ்வளவு வேண்டுமானாலும் ஏசுங்கள், பிறகு. இப்போது ஒரு அவசரத்தில் எழுதுகிறேன். போனை எடுத்தீர்கள் என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை, எடுக்க மாட்டீர்கள்.

கத்தரினா இலங்கைக்கு வருகிறாள். அவளுக்கும் பிரான்ஸ் பாஸ்போட் கிடைத்துவிட்டது. முதலில் முல்லைத்தீவுக்குப் போகிறாள். பிறகு ஆகஸ்ட் திருநாளுக்குத் தலவில அன்னம்மாள் கோயிலுக்கு. போகிற வழியில் எத்தாளையில் டயனாவின் பெரியம்மாவைப் பார்க்க வேண்டும் என்கிறாள். நீங்கள் அன்றைக்கு அவளோடு பேசிய விதம் அவளுக்கு மறக்க முடியவில்லையாம். உங்கள் விலாசத்தை டயனாவிடம் வாங்கிவிட்டாள். கொடுக்காமல் இருக்க அவளுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை.

அக்கா, உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். ஒன்றும் சொல்ல வேண்டாம். ஒரு நேரச் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிடுங்கள். வீட்டில் என் கலியாணப் படம் தொங்குகிறது, அதைக் கழற்றிவிடுங்கள். அவளுக்குத் தெரிந்தால் பாதருக்குத் தெரியும். பாதருக்குத் தெரிந்தால் எனக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த சங்கத்துக்குத் தெரியும். என் பேப்பர் போனால் டயனாவுடையதும் போகும். ஷானிகாவுக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது, சிங்களம் கதைக்கவும் தெரியாது. அந்தப் பிள்ளையை வைத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?

படத்தை இன்னும் எடுக்கவில்லை. அவள் பயணம் போன பிறகு எடுக்கிறேன். சத்தியம்.

கில்பட்


எத்தாளை,
24 ஜூலை 2017

கில்பட்,

கத்தரினா வரட்டும். சோறு கொடுப்பேன். கலியாணப் படத்தை உன் அத்தான் நேற்றே கழற்றி அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டார். எங்கள் வீட்டுச் சுவரில் எங்கள் படத்தை வைத்திருக்க நாங்கள் பயப்படுகிறோம்.

ஷானிகா என் மடியில் படுத்து நித்திரை கொண்ட பிள்ளை. அவளைத் தெருவில் விட நான் நினைப்பேனா? ஆனால் வாக்குத் தர மாட்டேன். உன் கோயிலில் வைத்து ஒரு முறை நான் செத்துவிட்டேன் என்பதை ஒத்துக்கொண்டேன். இரண்டாம் முறை என் வாயில் அது வருமா என்று எனக்கே தெரியவில்லை. அவளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும்.

அக்கா


எத்தாளை,
9 ஆகஸ்ட் 2017

கில்பட்,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். வாசித்துவிட்டு என்னோடு சண்டை பிடிக்க ஒரு கடிதம் எழுதாதே. யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று கடைசியில் எழுதியிருக்கிறேன்.

கத்தரினா சனிக்கிழமை வந்தாள். வெயிலில் கறுத்து, மெலிந்து, அங்கே பார்த்த பெண்ணா என்று யோசிக்கும்படி வந்தாள். முல்லைத்தீவில் என்ன கண்டாய் என்று கேட்டேன். பிள்ளைகளைத் தாட்டுப் புதைத்த இடத்தைத் தேடிப் போனாளாம். யாரோ அந்தக் காணியைச் சுற்றி வேலி அடைத்துத் தென்னம்பிள்ளை வைத்திருக்கிறார்களாம். சண்டை பிடிக்கவில்லையாம். வேலிக்கு வெளியே நின்று செபம் சொல்லிவிட்டு வந்துவிட்டாளாம். பாரைக் குழம்பு வைத்திருந்தேன். இரண்டு வாய்தான் சாப்பிட்டாள். உன் அத்தான் அவளுக்கு மீன் பொரியலைத் தள்ளித் தள்ளி வைத்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு மூன்று பேரும் தலவிலக்குப் போனோம். உனக்குத் தெரியும் திருநாள் சனம். மரத்துக்கு மரம் கூடாரம், ஒரு பக்கம் சிங்களத்தில் செபமாலை, ஒரு பக்கம் தமிழில். பூசைக்குப் பெயர் கொடுக்கிற மேசைக்கு முன்னால் பெரிய வரிசை. கத்தரினா என் கையைப் பிடித்து அந்த வரிசைக்கு இழுத்துக்கொண்டு போனாள். தன் பிள்ளைகளுக்காக என்று நினைத்துப் போனேன். இல்லை. முதலில் கில்பட் அண்ணையின் அக்காவுக்கு என்றாள். அண்ணையால் வர முடியாது, அவருக்குப் பதிலாக நான் கொடுக்கிறேன் என்றாள். என்னைக் கூட்டிக்கொண்டு போனது, முழுப் பெயர் எனக்குத்தான் தெரியும் என்பதற்காக.

மேசையில் இருந்தவர் முதலில் சிங்களத்தில் கேட்டார், பிறகு தமிழில். செத்தவரின் பெயர் என்ன? அல்பொன்சா மேரி மனுவேல் என்றேன். சொல்லிவிட்டேன், பார். அவர் எழுதினார். எப்போது மரணம் என்று கேட்டார். கத்தரினா என்னைப் பார்க்கிறாள். பின்னால் நிற்கிற சனம் நெருக்குகிறது. அம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்ற நிற்பு அப்போது என் கண்ணுக்குள் வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"வெட்டி விடுங்க," என்றேன். "அவ சாகல்ல. அது நான்தான்."

அவர் என்னை மூளை பிசகினவள் என்று நினைத்திருப்பார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். கத்தரினா என் கையை விட்டாள். கோபத்தில் உதறவில்லை. மெல்ல விட்டாள்.

கடற்கரைப் பக்கம் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். உனக்கு முல்லைத்தீவு எப்படித் தெரியும் என்று சொன்னேன். விசாரணையில் நீ என்னை நினைத்து அழுததைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. உனக்காகக் கொஞ்சம் பரிந்துகூடப் பேசினேன், பிள்ளைக்குட்டிக்காரன் என்று. உன் அத்தான் சோடா வாங்கிக் கொடுத்தார். அவள் குடிக்காமல் போத்தலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு போத்தலை மணலில் வைத்துவிட்டு என்னிடம் ஒன்று கேட்டாள்.

"அங்க அவர் உங்களை நினைச்சு அழுதவர், சரி. வருசா வருசம் மே மாசம் அந்தப் பொந்துக்கு முன்னால என்னோட இருந்து அழுவாரே. அப்ப என்ர பிள்ளையளை நினைச்சு ஆர் அழுதது?"

உனக்கு அவள்மேல் உண்மையான இரக்கம் இருந்தது என்று சொல்ல வாய் எடுத்தேன். எந்த முகத்தோடு சொல்வது? நீ எதற்கு அழுகிறாய் என்று இனி யாருக்குத் தெரியும்?

நீ பயப்படுகிற காரியம் நடக்காது. பாதரிடமோ வேறு யாரிடமோ சொல்லப்போவதில்லை என்றாள். உனக்காக இல்லை. ஒபிசர்மாருக்கு முன்னால் உட்கார்ந்து கதை சொன்னது தனக்குக் காணும், இனிப் போதும் என்றாள். பிறகு எழும்பிப் போய்த் தனியாக வரிசையில் நின்று, பிள்ளைகள் இரண்டு பேரின் பெயரையும் கொடுத்துவிட்டு வந்தாள். அந்தப் பூசைக்கு நானும் போனேன். அவளுக்குப் பக்கத்தில் போக மனம் வரவில்லை, பின்னால் நின்றேன். அன்றைக்கே புத்தளம் பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

சொல்லிவிட்டால் எனக்கு நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிலைநாட்டிவிட்டேன், அதற்கு அந்தப் பெண்ணிடம் மிச்சமிருந்த ஒரே சொந்தத்தைப் பிடுங்கிவிட்டேன். உன் பொய்யில் அவளுக்கு ஒரு அண்ணன் இருந்தான். உன்மேல் எனக்கு இருந்த ஆத்திரத்துக்கு அவள்தான் அகப்பட்டாள். இதற்காக உன்னை நான் மன்னிக்கப் போவதில்லை. என்னையும்தான்.

மாதக் கடைசியில் அவள் திரும்பி வருவாள். அவள் கேட்டதற்கு நீ பதில் சொல். எனக்கு எழுத வேண்டாம். அவளிடம் போய் நேரே சொல்.

அல்பொன்சா


பிரான்ஸ்,
4 செப்டம்பர் 2017

அக்கா,

எழுத வேண்டாம் என்றீர்கள். வேறு யாருக்கும் என்னால் எழுத முடியாது.

உங்கள் கடிதம் வந்த அன்றைக்கு டயனாவுக்கு வாசித்துக் காட்டினேன். யாரிடமும் சொல்ல மாட்டாள் என்ற இடம் வந்ததும் டயனா சிலுவை போட்டாள். மறுநாள் சமைத்தாள், பாட்டுக் கேட்டாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. எனக்கு மட்டும் சோறு இறங்கவில்லை.

உங்கள் படத்தை எடுத்துவிட்டேன். ஏன் என்று பாதர் கேட்டார். சட்டத்துக்குள் ஈரம் போய்விட்டது, புதிதாகச் செய்ய வேண்டும் என்று சொன்னேன். உண்மையைச் சொல்லப் போனவன்தான். வாயைத் திறந்தபோது அதுதான் வந்தது. படம் இப்போது என் காருக்குள் இருக்கிறது. அதை வீட்டில் எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கத்தரினா கேட்டதற்குப் பதில் என்னிடம் இருந்தது, அக்கா. முதல் வருடம் நான் அவளோடு அழுதது நடிப்பு. அவள் பார்க்கிறாளே என்று அழுதேன். இரண்டாம் வருடம், தன் மகளுக்கு மாம்பழம் என்றால் உயிர், கடைசி மாதம் தின்ன ஒன்றும் இல்லாத நேரத்திலும் மாம்பழம் கேட்டாள் என்று ஒரு நாள் சொன்னாள். அப்போது ஷானிகாவுக்கு மூன்று வயது. அதற்குப் பிறகு நான் அழுததெல்லாம் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான். நான் கண்டிராத இரண்டு பிள்ளைகளுக்காக. இதை இப்படியே அவளிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்து, வேலைக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று தரம் அவளுடைய வீட்டுக்குப் போனேன். உள்ளே வெளிச்சம் இருந்தது, கதவு திறக்கவில்லை.

நேற்று ஞாயிறு. அவள் பாட்டுக் குழுவில் இல்லை. பீடத்துக்கு அந்தப் பக்கம், எனக்கு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள். இந்தக் கோயிலில் எதிரே இருக்கிறவரைப் பார்க்காமல் பீடத்தைப் பார்க்க முடியாது. பூசை முழுக்க நான் அவளைப் பார்த்தேன். அவளும் முகத்தைத் திருப்பவில்லை. கோபமாகப் பார்த்தாள் என்று சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். முதல் தரம் கோயிலுக்கு வந்த ஒருவனைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள்.

சமாதானம் சொல்லிக் கை கொடுக்கிற நேரம் வந்தது. எல்லோரும் பக்கத்தில் இருப்பவருக்குத்தான் கொடுப்பார்கள். நான் எழும்பி, படி இறங்கி, பீடத்தைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஏறினேன். சனம் முழுக்கப் பார்த்தது. டயனா சட்டையைப் பிடித்து இழுத்தாள், நான் நிற்கவில்லை. அவளுக்கு முன்னால் போய் நின்று, கத்தரினா என்றேன். அதற்கு மேல் சொல்ல வைத்திருந்தது ஒன்றும் வரவில்லை. கண்ணீர்தான் வந்தது. அதை நிறுத்த நான் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும், ஏனென்றால் அந்த நேரத்தில் நான் அழக்கூடாது என்று எனக்குத் தெரியும்.

இந்த ஏழு வருடமும் அவள் என்னோடு ஒரு வார்த்தை பிரெஞ்சு கதைத்ததில்லை. கதைக்கத் தமிழ் ஆள் ஒருவர் இருக்கிறார் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டு திரிந்தவள். நேற்று அவள் கையை நீட்டினாள். "லா பே து கிறிஸ்ற், மிசியு" என்றாள், கிறிஸ்துவின் சமாதானம் ஐயா என்று, கடைக்காரருக்குச் சொல்வது போல மரியாதையாக. பிறகு தனக்குப் பின்னால் நின்ற வெள்ளைக்காரக் கிழவருக்குக் கை கொடுக்கத் திரும்பினாள்.

கில்பட்